பொத்தான் யார் கையில்

“என் வீட்டுக்காரிக்கு வலிப்பு வரப்போகுதுன்னா, அவளுக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிடும்.”

லிப்ட்காரர் இந்தப் பிரகடனத்தைச் செய்தது மருத்துவமனையின் நான்காம் மாடி அறையில். சபையில் இருந்தவர்கள் மூவர்: கட்டிலில் உட்கார்ந்திருந்த மனைவி, அவள் தலை முழுக்கக் கம்பி ஒட்டிக்கொண்டிருந்த டெக்னீஷியன் பெண், சாப்பாட்டோடு வந்திருந்த மச்சினி. யாரும் மறுக்கவில்லை. அவரை மறுத்துப் பேசும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் ஒழிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

லிப்ட் பழுதுபார்ப்பதில் அவருக்கு இருபத்து மூன்று வருட அனுபவம். மூடிய கதவில் காதை வைத்து, “மூணாவது மாடிக் கதவுப் பூட்டு” என்பார். கழற்றிப் பார்த்தால் அதுவேதான். இந்தத் திறமை லிப்டோடு நின்றிருந்தால் உலகத்துக்குக் கேடில்லை. பக்கத்து வீட்டு மிக்ஸி, முதலாளியின் முதுகுவலி, மனைவியின் மூளை என்று காது நீண்டுகொண்டே போனது. டாக்டரம்மா மனைவியிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னவரும் அவரே. “வருஷத்துக்கு நாலு தடவை டாக்டர். கீழ விழுந்து கை கால் இழுக்கும். வேற ஒண்ணும் கிடையாது.”

மருந்துக்கு அடங்காத வலிப்பு. மண்டையைத் திறக்காமலே, அது மூளையில் எங்கே கிளம்புகிறது என்று பார்க்க, மருந்தைக் குறைத்துக்கொண்டு நான்கு நாள் அங்கே தங்கவேண்டும். கம்பிகள் மூளையின் அலைகளைக் கம்ப்யூட்டரில் கோடு கோடாக இழுக்கும்; சுவரிலிருக்கும் கேமரா உடம்பைப் படம் பிடிக்கும். கிளம்புமிடம் ஒன்றே என்று தெரிந்தால் ஆபரேஷன் செய்யலாம். அவள் தனியாகத் தெருவில் நடக்கலாம், மறுபடி வேலைக்குப் போகலாம். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் இருந்தவள் அவள். அரைப் பக்கத்தைத் திருத்தாமலே விட்டுவிட்டாள் என்று இரண்டு முறை புகார் வந்து, முதலாளி அனுப்பிவிட்டார். அன்று லிப்ட்காரர் முதலாளி கட்சி.

“ஏதாவது வித்தியாசமா தெரிஞ்சா இந்தப் பொத்தானை அழுத்துங்க சார். நாலு ரூமுக்கு நான் ஒருத்திதான். மணி கேட்டதும் ஓடி வந்துடுவேன்” என்று பொத்தானை அவர் கையில் கொடுத்தாள் டெக்னீஷியன் பெண்.

“லிப்ட்காரனுக்கே பொத்தான் சொல்லித் தர்றியாம்மா?”

இரண்டாம் நாள் பெரிய வலிப்பு ஒன்று வந்தது. அழுத்தினார். செய்தி கேன்டீன் வரை பரவியது, அவர் வாய் வழியாகவே. மூன்றாம் நாள் மதியம் டாக்டரம்மா கூப்பிட்டனுப்பியதும், பாராட்டு விழா என்று நினைத்துத் தலையை வாரிக்கொண்டு போனார்.

“பொத்தானை ஒரு தடவைதான் அழுத்தியிருக்கீங்க.”

“வந்ததே ஒரு தடவைதானே டாக்டர்.”

“பதினஞ்சு தடவை வந்திருக்கு.”

திரையை ஓடவிட்டார். ஒரு பாதியில், இடது நெற்றிப்பொட்டுக்கு நேரான கோடுகள் மட்டும் துள்ள ஆரம்பித்தன. மறுபாதியில் மனைவி துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது. பார்வை எங்கோ குத்திட்டது. வாயில் ஒன்றுமில்லாமலே உதடு மென்றது. பக்கத்து நாற்காலியில் போன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் பேசத் தொடங்கினார்.

“சார்ஜர் எங்கன்னு கேட்டேன். உன்னைத்தான். செவுத்துகிட்ட பேசற மாதிரி இருக்கு. இந்தப் புத்தியாலதான் வேலையும் போச்சு.”

நாற்பது விநாடி. பிறகு மனைவி திரும்பி, “கூப்பிட்டீங்களா?” என்றாள்.

“வந்துட்டாங்க மகாராணி” என்றார் திரையில் இருந்தவர்.

டெக்னீஷியன் பெண் தன் பேனா மூடியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். இரண்டாவது ஓடியது; மூன்றாவதும் ஓடியது. மூன்றிலும் அந்த மனிதர் இருந்தார்; மூன்றிலும் திட்டினார். லிப்ட்காரருக்குக் காது மடல் சுட்டது. அந்த ஆளை எழுந்துபோய் அறையலாம் போலிருந்தது. அதில் நடைமுறைச் சிக்கல் இருந்தது.

“நீங்க அழுத்தினதைத் தவிர இன்னும் பதினொண்ணு இருக்கு. பாக்கறீங்களா?”

“வேணாம் டாக்டர்.”

“எல்லாம் ஒரே இடத்துல கிளம்புது. அது நல்ல சேதிதான். கூப்பிட்டா இப்படிக் காதுல வாங்காம இருக்கறது எத்தனை வருஷமா?”

லிப்ட்காரர் எண்ணிப் பார்த்தார். “ஒரு பத்து வருஷமா திட்டிட்டிருக்கேன்.”

பத்து வருடம் என்று டாக்டரம்மா எழுதிக்கொண்டார். கணவர் திட்டத் தொடங்கிய காலமே நோய் தொடங்கிய காலமாக மருத்துவக் குறிப்பில் ஏறியது.

“அது வந்துட்டிருக்கும்போதே ஒரு தடவையாவது நாங்க உள்ள வந்து பேச்சுக் குடுத்துப் பாக்கணும். பேச்சு எவ்வளவு நேரம் போகுதுன்னு தெரியாம ஆபரேஷன் பத்தி முடிவு பண்ண முடியாது. நாளைக்கு மதியம் கம்பியைக் கழட்டிடுவோம். அதுக்குள்ள சரியான நேரத்துல பொத்தானை அழுத்தணும் சார்.”

அறைக்குத் திரும்பினார். “என்ன மாமா, மெடலைக் காணோம்?” என்றாள் மச்சினி. அவர் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு மனைவியின் முகத்தையே பார்க்க ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் மூன்று முறை பொத்தானை அழுத்தினார். முதல் முறை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறை தும்மல் வராமல் தவித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை அவர்மேல் கோபமாக இருந்தாள். மூன்று முறையும் டெக்னீஷியன் பெண் மூச்சிரைக்க ஓடிவந்து, வந்த வழியே போனாள்.

“மாமா, அக்கா கொட்டாவி விடறா. அழுத்துங்க.”

மறுநாள் காலை மச்சினி டீ வாங்கப் போன சமயம், கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நேத்து படம் போட்டுக் காட்டினாங்க. நீ காதுல வாங்காம இருந்ததெல்லாம் வலிப்பாம். அப்பல்லாம்தான் நான் உன்னைத் திட்டியிருக்கேன்.”

மனைவி போர்வையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கை பொத்தான்வரை போய்த் திரும்பியது.

“அச்சகத்துல விட்டுப்போனதும் அதுதானா?” என்றாள்.

“அதுவாத்தான் இருக்கும்.”

“நீங்க முதலாளிகிட்ட மன்னிப்பு வேற கேட்டீங்க. என் சார்பா.”

அவருக்குத் தலை நிமிரவில்லை. “உன் மூஞ்சியப் பாத்து எனக்கு ஒண்ணும் தெரியல. உனக்கு ஏதாச்சும் முன்கூட்டியே தெரியுமா?”

“தெரியுமே. வயித்துலேருந்து என்னமோ மேல ஏறும். லிப்ட் கிளம்பறப்ப இருக்குமே, அந்த மாதிரி. அப்புறம் நடக்கறது தெரியாது.”

“டாக்டர்கிட்ட சொல்லவேயில்லையே.”

“அவங்க கேட்டப்பல்லாம் நீங்கதானே பேசிட்டிருந்தீங்க.”

பொத்தானை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

பதினொரு மணிக்கு ஆரஞ்சு உரித்தார். ஒரு சுளையை எடுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். எப்போதும் பார்க்கிற முகம்தான். “புளிக்குமோ என்னமோ” என்று சொல்லி முடிப்பதற்குள் வெளியே மணி அடித்தது. டெக்னீஷியன் பெண் ஓடிவந்து பேனாவைத் தூக்கிக் காட்டினாள்.

“அம்மா, இது என்ன? சொல்லுங்க, இது என்ன?”

மனைவியின் உதடு மென்றது. பதில் வரவில்லை. லிப்ட்காரருக்குப் பதில் தெரியும்; சுளையைத் தன் வாயில் போட்டு அடைத்துக்கொண்டார்.

ஒன்றரை நிமிடம் கழித்து மனைவி, “பேனா” என்றாள்.

டெக்னீஷியன் பெண் நேரத்தைக் குறித்துக்கொண்டு அவரிடம் திரும்பினாள். “எப்ப ஆரம்பிச்சது சார்? என்ன கவனிச்சீங்க?”

“எனக்குத் தெரியலம்மா” என்றார். “கொஞ்சம் பொறு. அவளே சொல்லுவா.”