நாகநாதன் கடையில் வாய் போன வாரம்

கடலாடி பேருந்து நிலையத்துக்கு எதிரே நெட் போன் கடை வைத்திருந்த நாகநாதனிடம் எந்தக் கேள்விக்கும் பதில் உண்டு. அது சரியான பதிலா என்பது வேறு விஷயம். விவசாயம் பிடிக்காமல் ரேடியோ ரிப்பேர் கற்றான். பிறகு எஸ்.டி.டி. பூத். அதுவும் படுத்துவிட, இன்டர்நெட் வழியாக வெளிநாட்டுக்கு மலிவாகப் பேச 2007இல் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டான். வளைகுடாவில் ஆள் இருந்த வீடுகளெல்லாம் அங்கேதான் பேசின.

நான் ஓய்வு பெற்ற நர்ஸ். இடுப்பு எலும்பு முறிந்து தேறிவந்த சோணையம்மாளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். நடக்கச் சொன்னால் முனகுவாள். மகனோடு பேசப் போகலாம் என்றால் வாக்கரை எனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போவாள்.

அந்த ஞாயிறு, சார்ஜாவில் மகன் உக்கிரபாண்டி எடுத்துவிட்டதாகத் திரை காட்டியது. இவள் நலம்கூட விசாரிக்கவில்லை.

"உத்தரகோசமங்கையில பொண்ணு பாத்திருக்கேன். பேசி முடிச்சிரவா?"

ஹெட்போனிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"சரி சரி, புரிஞ்சிருச்சு. நான் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

கல்யாணப் பேச்சு எடுத்தால் எங்கள் பக்கத்துப் பையன்கள் தரையைப் பார்ப்பார்கள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு பெரியவர்கள் உடனே வெற்றிலை வாங்கப் போய்விடுவார்கள். வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று முடிவானது.

செவ்வாயன்று நான் கடைப்பக்கம் போனபோது, புருஷன் வளைகுடாவில் இருக்கும் நூர் நிஷா நாகநாதனோடு மல்லுக்கு நின்றாள்.

"நான் திட்டுறது அவருக்குக் கேக்குது. அவரு திட்டுறது எனக்குக் கேக்கல. எஸ்.எம்.எஸ்.ல அனுப்புறாரு. இதுக்கு உனக்குக் காசு வேறயா?"

நான் நாகநாதன் பக்கம் திரும்பினேன். "ஏலே, அப்ப உக்கிரபாண்டியும் ஏதோ பேசியிருப்பானோ?"

"கடல்காத்து நர்ஸம்மா. அடிச்சா லைன் இப்படித்தான்."

"போற பேச்ச விட்டுட்டு, வார பேச்ச மட்டும் புடிச்சு வைக்கிற காத்தா?"

சோணையம்மாளிடம் சொன்னேன். சாதாரண போனிலாவது ஒரு வார்த்தை கேள் என்றேன். "எம்மகன் வெக்கப்பட்டான். உனக்கென்ன தெரியும்?" என்றாள்.

நாகநாதன் ஹெட்போனை மாற்றினான், ஊதினான், கம்ப்யூட்டருக்குச் சூடம்கூடக் காட்டினான். கடைசியில் மானத்தை விட்டு மதுரையில் கம்ப்யூட்டர் விற்றவரைக் கேட்டான். குற்றவாளி, அவன் புதிதாக மாறியிருந்த மலிவு நெட் போன் கம்பெனி. அங்கிருந்து பேச்சைச் சுருக்கி அனுப்பும் முறை ஒன்று. இங்கே விரிக்கத் தெரிந்த முறை வேறு. அதற்கு கோடெக் என்று பெயராம். பால்பவுடர் வந்திருக்கிறது, கரைக்க ஆளில்லை, அவ்வளவுதான். முதலில் மாற்றிய கோடெக்கில் குரல் வந்தது, ஆனால் எங்கள் மெதுவான லைனுக்கு அது பெரிது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் விட்டு விட்டுக் கேட்டது. இன்னும் சிறிதாகச் சுருக்கும் ஒன்றை இரண்டு பக்கமும் வைத்ததும் தெளிந்தது.

வியாழக்கிழமை சோணையம்மாளை இழுத்துக்கொண்டு போனேன்.

"ஆத்தா, கல்யாணம் வேணாம்னு அன்னைக்கே சொன்னேன்ல? நீயும் சரி சரின்னியே" என்றான் உக்கிரபாண்டி, மிகத் தெளிவாக.

சோணையம்மாள் ஹெட்போனைக் கழற்றினாள். "ஏலே நாகநாதா, இதை யாரு சரி பண்ணச் சொன்னா? பழையபடியே வையி."

வைக்க விடவில்லை நான். அன்று மாலையே மூவரும் உத்தரகோசமங்கைக்குப் பெண் வீட்டுக்குப் போனோம். பழியை நாகநாதன் தலையில் போட அவள் அவனையும் கூட்டி வந்திருந்தாள். அவன் பெண்ணின் அப்பாவுக்குக் கோடெக்கை விளக்கினான். சுருக்குவது, விரிப்பது, லைனின் வேகம், சார்ஜா, மதுரை எல்லாம் வந்தது. காப்பி ஆறிவிட்டது.

அவர் பொறுமையாகக் கேட்டார்.

"பையன் வேணாங்கிறான். அதானப்பா?"

"ஆமாங்கய்யா."

"அத வாசல்லயே சொல்லியிருக்கலாம்ல."