ஏழாவது வாரத்து யூரியா

தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது என் வீட்டுக்காரரையும் குறைத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருடம் இயந்திரங்களுக்கு அளவு பார்த்துச் சரிசெய்த மனிதர், ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியின் கீழ்வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வாரம் சந்தையில் முளைவிட்ட உருளைக்கிழங்கு வாங்கி வந்து, வாசலுக்கு வெளியே ஆறு அரிசிச் சாக்குகளில் நட்டார்.

“இந்தச் சூட்டுல எங்கண்ணே கிழங்கு வரும்? கேமரன் மலையில போடுறத இங்க போட்டா எப்படிலா?” என்று மேல்வீட்டுப் பெண் கேட்டாள்.

“கொஞ்சம் வந்தா போதும்,” என்றார். கிழங்கு அவருக்கு முக்கியமில்லை. தன் கை இன்னும் எதற்காவது உதவுமா என்று அவர் பார்க்க வேண்டியிருந்தது.

காலண்டரில் யூரியா போடும் நாட்களைக் குறித்தார். நட்டபோது கொஞ்சம், மண் அணைக்கும்போது கொஞ்சம், அத்தோடு சரி. ஏழாவது வாரத்தில் கிழங்கு பிடிக்கும், அப்போது யூரியா விழுந்தால் செடி இலையிலேயே நின்றுவிடும் என்று சாப்பிடும்போதெல்லாம் விளக்கினார். நான் ‘ம்’ கொட்டிக்கொண்டே ஃபோனைப் பார்த்தேன். கல்யாணமான நாள் முதல் அவர் பேச்சை நான் கேட்கிற லட்சணம் அதுதான்.

அதே ஏழாவது வாரத்தில் ஒருநாள் இண்டர்வியூவுக்காக செபராங் ஜெயாவுக்குப் போனார். நான் துணி காயப்போட வந்தால், செடிகளின் அடியிலைகள் மஞ்சள். எனக்குப் பகீரென்றது. வேலையும் கிடைக்காமல் வந்து இதையும் பார்க்க வேண்டுமா? சாக்குக்கு ஒரு ஸ்பூன் யூரியா போட்டுத் தண்ணீர் ஊற்றினேன்.

வேலை கிடைக்கவில்லை. செடிகள் மட்டும் புதராகத் தழைத்தன. மேல்வீட்டுப் பெண் படமே எடுத்துக்கொண்டு போனாள். அவர் மட்டும் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கடைசியில் ஆறு சாக்குகளைக் கவிழ்த்தும் நெல்லிக்காய் அளவுக் கிழங்கு ஒரு கிண்ணம்தான் தேறியது. சூடுதான் காரணம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

“என் கணக்குதான் எங்கயோ தப்பு. இருபத்திரண்டு வருசமா என்னத்த அளந்தேனோ,” என்றார். அடுத்த இண்டர்வியூவுக்குப் போகவில்லை. கேட்டதற்கு, அளவு தெரியாதவனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்றார்.

ஏழாவது வாரத்து யூரியாவைப் பற்றி அவர் சொன்னது நினைவுக்கு வந்து, அதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொல்லப் பயமாக இருந்தது, சொல்லாமல் இருக்க வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் காலை சொன்னேன்.

“ஏங்க, நீங்க செபராங் ஜெயா போன அன்னிக்கி நான் யூரியா போட்டேன். இலை மஞ்சளா இருந்திச்சி.”

“எவ்வளவு?”

“சாக்குக்கு ஒரு ஸ்பூன்.”

“பெரிய ஸ்பூனா?”

“ஆமா.”

மனதுக்குள் எதையோ கூட்டிக் கழித்தார். பிறகு, வேலை போனதிலிருந்து நான் பார்க்காத ஒரு சிரிப்பு சிரித்தார்.

“அப்ப நான் போட்டது சரிதான்,” என்றார். “நான் போட்டது சரி.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்த மனிதரின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.