டெரெக் சொன்ன முதல் சொல்

டெரெக்குக்கு ஸ்ட்ரோக் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும், பதில்தான் வராது. 'ரைட்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார், கோபப்பட்டார், நன்றியும் சொன்னார். சிட்னியில் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நான் ஸ்பீச் தெரபிஸ்ட். அவரைப் பேசவைப்பது என் வேலை.

இப்படிப்பட்டவர்களுக்கு யோசித்துப் பேச வராது. பழகிப்போனது மட்டும் தானாக வரும். ஒன்று, இரண்டு, மூன்று வரும். பிரார்த்தனை வரும். கெட்ட வார்த்தை பிரமாதமாக வரும். எங்கள் தொழிலில் இதற்கு ஆட்டோமேட்டிக் ஸ்பீச் என்று பெயர். அந்த நூலைப் பிடித்துத்தான் மற்ற சொற்களை இழுப்போம்.

டெரெக் இளவயதில் இங்கிலாந்தின் வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்று மனைவி மோரீன் சொன்னார். எனக்கு எதையும் தோண்டிப் பார்க்காவிட்டால் தலை வெடித்துவிடும். வேலைக்குப் போகும் ரயிலில் அந்த நாட்டு அரசியலை வாசித்துத் தள்ளினேன். உலகப் போருக்குப் பின் அரசுடைமையான தொழில்களை, அடுத்தடுத்து வந்த வலதுசாரி அரசுகள்கூடப் பெரும்பாலும் தொடவில்லை. நாற்பது வருடங்களுக்கு முன் இருந்த பெண் பிரதமர்தான் தொட்டார். நஷ்டச் சுரங்கங்களை மூடுவோம் என்றது அவர் அரசு. கூடாது என்று தொழிலாளர்கள் ஏறக்குறைய ஒரு வருடம் வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். அதே அரசு, வாடகைக்கு இருந்தவர்களுக்கே அரசு வீடுகளை மலிவாக விற்றது. வேலையை இழந்தவர்கள் ஒரு பக்கம், வீட்டுக்காரர் ஆனவர்கள் இன்னொரு பக்கம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரே ஆள் இரண்டுமாக இருக்கலாம் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

அந்தப் பிரதமரின் படத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். சுரங்கத் தொழிலாளி ஆயிற்றே, நல்ல வசவாக ஒன்று வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

டெரெக் படத்தை வெகுநேரம் பார்த்தார். இடது கையைத் தன் நெஞ்சில் வைத்தார். தெளிவாக ஒரு சொல் சொன்னார். வேலைநிறுத்தத்தை உடைத்துக்கொண்டு வேலைக்குப் போனவனை அவர்கள் ஊரில் அழைக்கும் சொல் அது. தமிழில் கருங்காலி. சொல்லிவிட்டு அழத் தொடங்கினார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. வார்டு நர்ஸ் யசோ அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"ஏன் சுதா அந்தப் படத்தைக் காட்டினனீர்?"

"அவரும் ஸ்ட்ரைக் பண்ணியிருப்பார்னு நினைச்சேன்க்கா."

"எங்கட சனத்திட்ட, சண்டைக் காலத்தில நீங்கள் எந்தப் பக்கம் நிண்டனீங்கள் எண்டு நாங்கள் கேட்கிறேல்ல. அவையாச் சொன்னாக் கேட்கிறதுதான்."

மோரீன்தான் மீதியைச் சொன்னார். "பத்து மாசம் இவரும் வேலைக்குப் போகலை. குளிர்காலம். சுரங்கக்காரன் வீட்ல கரி இல்ல. பாப்பாவுக்கு மார்ச்சளி. ஒரு நாள் காலைல சொல்லாம கொள்ளாம வேலைக்குப் போய்ட்டார். இவரோட அண்ணன் ராய் கடைசி வரைக்கும் போகலை. அன்னிலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னுபோச்சு."

சுரங்கம் பிறகு இருவருக்குமாகச் சேர்த்தே மூடப்பட்டது. டெரெக் தன் அரசு வீட்டை வாங்கி, விற்று, அந்தப் பணத்தில் சிட்னி வந்தார். ஸ்ட்ரோக் பற்றி மோரீன் எழுதியதற்கு ராய் ஒரே வரியில் பதில் அனுப்பியிருந்தார்: தம்பியின் பிறந்தநாளன்று போன் செய்கிறேன். அதற்கு மூன்று வாரம் இருந்தது.

"இவர் ஒரு வார்த்தையாவது பேசலேன்னா ராய் போனை வெச்சுடுவார். மறுபடி கூப்பிட மாட்டார்" என்றார் மோரீன்.

மறுநாள் படமும் சொல்லும் போட்ட பயிற்சி அட்டைகளைப் பெட்டியோடு எடுத்தேன். சும்மா இருப்பேனா? 'மன்னிப்பு' என்ற அட்டையை நானே முன்னால் வைத்தேன். டெரெக் அதைத் தரையில் தள்ளிவிட்டார். அப்போதுதான் புத்தி வந்தது. பெட்டியையே அவர் பக்கம் நகர்த்தினேன். கிளறிக் கிளறி இரண்டு படங்களை எடுத்தார்: ஒரு குழந்தை, ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில்.

அதிலிருந்து மூன்று சொற்களைக் கட்டினோம். சொல்லுக்கு ஒரு தட்டாக இடது கையால் மேசையில் தட்டித் தட்டிப் பயிற்சி. முதல் வாரம் 'ரைட்'டைத் தவிர ஒன்றும் வரவில்லை. இரண்டாம் வாரம் பாதி வந்தது.

பிறந்தநாளன்று மகள் ஜேன் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டார்.

"டெரெக்?"

"ரைட்" என்றார் டெரெக். பிறகு கட்டிலின் விளிம்பில் தட்டினார்.

"பாப்பாவுக்கு... உடம்பு... சரியில்ல."

அந்தப் பக்கத்திலிருந்து ராயின் குரல் வந்தது.

"தெரியும்டா. அப்பவே தெரியும்."

தெரிந்துமா நாற்பது வருடம்? எனக்குக் கோபமே வந்தது. டெரெக் கோபப்படவில்லை. கண்ணை மூடித் தலையணையில் சாய்ந்துகொண்டார்.

"பாப்பா இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார் ராய்.

ஜேனுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. "நல்லா இருக்கேன், பெரியப்பா" என்றார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எவ்வளவு வேண்டுமானாலும் வாசியுங்கள், நானும் இன்னும் வாசிக்கிறேன். ஆனால் படத்தை நீங்கள் எடுத்து நீட்டாதீர்கள். பெட்டியைத் திறந்து அவர்கள் பக்கம் வைத்துவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள்.