பயத்தை வாங்கும் கல்

நொராதூஸ் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் வார்செனிக்கைத் தெரியாதவர் கிடையாது. சேவான் ஏரிக் காற்று எலும்பைத் துளைக்கிற நாளிலும், எண்ணூறு வருஷத்துச் சிலுவைக்கல் ஒன்றில் முதுகைச் சாய்த்துக் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருப்பாள். கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. ஏரிக்கரை மடாலங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் தலையில் எப்படியாவது ஒரு ஜோடியைக் கட்டிவிடுவாள். வாங்காதவர்களையும் அங்கே புதைக்கப்பட்ட ஒரு பழங்காலத் துறவியின் கல்லறைக்கு இழுத்துப் போவாள்.

உங்கள் பயத்தையெல்லாம் என்னிடம் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டுச் செத்தவர் அவர். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றி, வழிவதை ஏந்தி ஒரு வாய் குடித்து, பாட்டிலை அங்கேயே அடித்து உடைத்தால் பயம் போய்விடும். பிளாஸ்டிக் பாட்டிலோடு வருகிறவர்களைக் கண்டால் அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வரும். அதற்காகவே பையில் கண்ணாடி பாட்டில் வைத்திருப்பாள்.

ஊருக்கெல்லாம் பயம் போக்கினவள் வீட்டுக்குள்ளேயே பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லைக் காவலிலிருந்து விடுமுறையில் வந்த மகன் தாத்துல், அடுப்படியில் பாத்திர மூடி விழுந்த சத்தத்துக்குத் தரையில் குப்புற விழுந்தான். இப்படிப் பயப்படுகிறவன் எப்படி உயிரோடு திரும்புவான்?

அவன் கிளம்புகிற அன்று வேனைக் கல்லறைத் தோட்ட வாசலில் நிறுத்தச் சொன்னாள். ஓட்டுவது அவள் கொழுந்தன் ஹமாயக்.

"சீக்கிரம் அண்ணி. வண்டியில ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"ஒரு வாய் தண்ணி குடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நீ வாயை மூடு."

துறவியின் கல் மேல் பாட்டிலைக் கவிழ்த்தாள். வழிந்த தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்தி மகன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"குடி கண்ணு."

"வேணாம்மா."

ஹமாயக் சிரித்தான். "தண்ணியப் பார்த்தே பயமா? இவனை நம்பித்தான் நாடே தூங்குது."

சுற்றுலாக் கூட்டம் ஒன்று வந்து சூழ்ந்துகொண்டது. ஒருத்தி போனைத் தூக்கிப் படம் பிடித்தாள். வார்செனிக்கின் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஊரே குடிச்ச தண்ணிடா. ஒரு மூடி விழுந்ததுக்கு நீ தரையில கிடந்தே. உன்னை இப்படியே அனுப்பிட்டு என் தொண்டையில ரொட்டி இறங்குமா? குடிச்சிடு, கை ஒழுகுது."

"செரோப் குடிச்சானேம்மா, ஞாபகம் இருக்கா?"

இல்லாமல் என்ன. பக்கத்துத் தெருப் பையன், தாத்துலோடு ஒன்றாகப் படைக்குப் போனவன். இதே கையால்தான் அவனுக்கும் கொடுத்தாள். இப்போது கல்லறைத் தோட்டத்தின் கோடியில், புதுக் கறுப்புக் கல்லில் அவன் முகம் பொறித்திருக்கிறது.

"அன்னிக்குக் குண்டு வந்தப்போ அவன் சட்டையைப் பிடிச்சுக் கீழே இழுத்தேம்மா," என்றான் தாத்துல். "என் பயம் நொராதூஸ்ல கிடக்குடான்னு சிரிச்சுக்கிட்டே தலையைத் தூக்கினான். எனக்குப் பயம் இருந்துச்சு. நான் குனிஞ்சேன்."

ஹமாயக் வேறு பக்கம் பார்த்தான்.

வார்செனிக் தன் கையைப் பார்த்தாள். ஒரு மடக்குத் தண்ணீர் மிச்சம் இருந்தது. அவன் மறுபடி மறுத்திருக்க மாட்டான். அம்மா அழுதால் குடித்துவிடுவான், அவளுக்குத் தெரியும். அவள் கையை விரித்தாள். தண்ணீர் புல்லில் விழுந்தது.

ஈரக்கையோடு அவன் தலையைப் பிடித்துக் குனிய வைத்து உச்சியில் முத்தம் கொடுத்தாள்.

"பயந்துக்கிட்டே இரு. பயந்துக்கிட்டே வீட்டுக்கு வந்து சேரு."

வேன் போனதும் பாட்டிலை உடைக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு செரோபின் கல்லுக்குப் போனாள். அவன் முகத்தைத் தொட்டு மன்னிப்புக் கேட்டாள்.

இன்றைக்கும் அங்கேதான் காலுறை விற்கிறாள். பயத்தைப் போக்கும் கல்லைக் கேட்டால் காட்டுவாள், படைக்குப் போகிற வயசுப் பையன்கள் கேட்டால் மட்டும் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்பாள். தாத்துல் அடுத்த கோடையில் திரும்பி வந்தான். பாத்திர மூடி விழுந்தால் இப்போதும் தரையில் படுத்துவிடுகிறான். வார்செனிக் ஒன்றும் சொல்வதில்லை. அவன் எழுந்திருக்கும்வரை தானும் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள்.