வாசலில் கிடந்த செருப்பு

மும்பை தாராவியில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். என் வகுப்பில் தமிழில் மட்டும்தான் பேச வேண்டும் என்று கறாராகச் சட்டம் வைத்திருந்தேன். கணவனை இழந்த ஒரு பெண்ணைப் பற்றிய நாவலைச் சில வாரங்களாக வாசித்துக்கொண்டிருந்தோம். எதைக் கேட்டாலும் பிள்ளைகள் வாயைத் திறக்கவில்லை. படிக்காமலே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருநாள் கத்தியே விட்டேன்.

மும்தாஜ் எழுந்தாள். "படிச்சிருக்கோம் டீச்சர். தமிழ்ல சொல்லத்தான் வரமாட்டேங்கு. ஹிந்தியில சொல்லட்டா?"

அரை மனதாகத் தலையாட்டினேன். அவள் ஹிந்தியில் பொரிந்து தள்ளினாள். அந்தப் பெண் பொய் சொல்கிறாளாம், கணவன் சாகவே இல்லையாம். மழை வந்தால் வாசலில் கிடக்கும் அவன் செருப்பை ஓடிப்போய் உள்ளே எடுத்து வைக்கிறாளே, செத்தவன் செருப்பு நனைந்தால் என்ன என்று கேட்டாள்.

"சும்மா அடிச்சு விடாத! எந்தப் பக்கத்துல இருக்கு, காட்டு!" என்று கடைசி பெஞ்சிலிருந்து முருகன் கத்தினான். "இருந்தாலும், செத்தவர் மேல பாசம் இருக்காதாக்கும்?"

வகுப்பு முழுக்கப் பக்கங்கள் சரசரவென்று பின்னோக்கிப் புரண்டன. எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைகள்கூடச் செருப்பைத் தேடினார்கள். நானும் தேடினேன். மழை பெய்யும் ஒரு பக்கத்தில் அது இருந்தது. இத்தனை வருஷம் அந்த நாவலை நடத்தியும் அந்தச் செருப்பு என் கண்ணில் பட்டதில்லை. மணி அடித்தது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

இப்போது என் வகுப்பில் எந்த மொழியிலும் சண்டை போடலாம். ஆனால் பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். அந்தக் கணவன் செத்தானா இல்லையா என்பதில் எனக்கும் மும்தாஜுக்கும் இன்னும் சண்டை தீரவில்லை.