சவிரி அண்ணை பேசாமல் விட்ட மறுபாதி

செய்தி பேக்கரிக்குத்தான் வந்தது. பின்னேரம் மூன்று மணி இருக்கும். கை இரண்டும் மா. தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் செருகிக்கொண்டு "ஹலோ" என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாதி. சவிரிமுத்து என்ற பெயரை நாலு துண்டாக உடைத்துச் சொல்லி, அவருக்கு நான் என்ன உறவு என்று கேட்டாள். கூட வேலை செய்கிறவன் என்றேன். நெருங்கிய உறவு என்று கேட்ட இடத்தில் அவர் இந்த நம்பரைத்தான் எழுதியிருக்கிறார் என்றாள். அதற்குப் பிறகுதான் அவர் இறந்துவிட்டதைச் சொன்னாள்.

இருமலுக்குக் காட்டிவிட்டு வியாழன் வருகிறேன் என்று போனவர். "நல்ல தாதி கிடைச்சால் அங்கயே நில்லுங்கோ அண்ணை, நாங்கள் சமாளிப்பம்" என்று சொல்லி அனுப்பினேன். அவரோடு நான் கதைத்த கடைசிக் கதை அதுதான்.

என்னை உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா, அது என்னை விட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு. எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு நான் எழுதுவது இதுவே முதல் தடவை. என் பிழைகளைத் திருத்துங்கள். சவிரி அண்ணை சொன்னதைத் திருத்த வேண்டாம். மோர்டன் மண்டபத்தில் அவர் ஒரு பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு இறங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நிறுத்தினது நான். அதற்காகத்தான் இந்தப் பேனையைப் பிடித்திருக்கிறேன்.

எங்கள் பழக்கம் லண்டன் குரோய்டனில், அகதி விண்ணப்பம் கொடுக்கும் வரிசையில் தொடங்கியது. மன்னார்க்காரர், தபால் கந்தோரில் வேலை செய்தவர். மனைவி இறந்த பிறகு தனியாக வந்தவர். பிள்ளைகள் இல்லை. எனக்கு முன்னால் நின்ற அவர் திரும்பி, "தம்பி, உள்ளுக்க இருக்கிறவை எங்களை நம்புவினமோ?" என்று கேட்டார். "உங்கட முகத்தைப் பாத்தால் நம்புவினம் அண்ணை. என்ர முகத்தையும் சேர்த்துப் பாத்தால் உங்களையும் நம்பமாட்டினம். கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ" என்றேன். அவர் உண்மையாகவே ஓரடி தள்ளி நின்றார். பிறகுதான் சிரித்தார். பகிடி அவரிடம் போய்ச் சேர எப்போதும் கொஞ்ச நேரம் எடுக்கும்.

இல்ஃபோர்டில் மொரிஸ் என்ற யூத மனிதரின் பேக்கரியில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. நடுவில் ஓட்டை வைத்த பாண் போடுவோம். அதற்கு வடைப்பாண் என்று நான் பெயர் வைக்க, கடைசியில் மொரிஸே வாய் தடுமாறி அப்படிக் கூப்பிடத் தொடங்கினார். வெள்ளி பின்னேரம் அடுப்பு அணைந்தால் இனி ஞாயிறுதான். சனிக்கிழமை லீவு தருகிற மதம் நல்ல மதம் என்று நான் சொல்வேன்.

ஒருநாள் மொரிஸ், நாற்பத்தேழாம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை பாலஸ்தீனத்தைப் பிரிக்க வாக்கெடுத்த கதையைச் சொன்னார். அவருடைய மாமா ரேடியோவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தாராம். போலந்தில் இருந்த அந்த மாமாவின் சகோதரர்கள் ஒருவர்கூட யுத்தத்துக்குப் பிறகு திரும்பி வரவில்லை. முப்பத்து மூன்று நாடுகள் ஆம், பதின்மூன்று இல்லை, பத்து நாடுகள் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டதும், அந்த மனிதர் எழும்பி நின்று சுவரைப் பார்த்தபடி அழுதாராம்.

சவிரி அண்ணை மாவைப் பிசைவதை நிறுத்திவிட்டார். "ராசன், உலகம் ஒரு சனத்துக்கு என்னண்டு ஓம் எண்டது?" என்று என்னிடம் கேட்டார். கேட்க ஆள் பிடித்தார் பாருங்கள்.

அன்றிலிருந்து அவருடைய சனிக்கிழமை லைப்ரரிக்குப் போனது. பழைய பேப்பர்களைப் படமாகச் சுருட்டி வைத்திருப்பார்கள், ஒரு மெஷினுக்குள் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் சனம் என்ன சொன்னது, இங்கே பேப்பருக்குக் கடிதம் எழுதினவர்கள் என்ன சொன்னார்கள் என்று கொப்பியில் எழுதுவார். யூதர்களைக் கொன்ற முகாம்களின் படங்களைப் பார்த்து உலகத்துக்கு நெஞ்சு கலங்கியது. தப்பி வந்தவர்களின் கப்பலை இந்த நாடு திருப்பி அனுப்பியதைப் பார்த்து இன்னும் கலங்கியது. ஒன்றோடொன்று முகம் பார்க்காத அமெரிக்காவும் ரஷ்யாவும் அன்றைக்கு ஒரே பக்கம் நின்றன. இந்தியா இல்லை என்றது. திங்கட்கிழமை வந்து எனக்கு இதெல்லாம் ஒப்புவிப்பார்.

"இலங்கை என்ன சொன்னது அண்ணை?"

"எங்களிட்ட ஆர் கேட்டது? நாங்கள் அப்ப வெள்ளைக்காரன்ர வீட்டுக்குள்ள இருந்தனாங்கள்."

"இப்ப நாங்களே அவன்ர ஊருக்கு வந்திட்டம். இன்னும் ஒருத்தரும் கேக்கேல்ல."

எண்பத்தொன்பதில் அவர் மோர்டனில் இதைப் பேசினார். உலகம் எப்படி ஓம் என்றது என்று ஒரு மணித்தியாலம். நீங்கள் எழுந்து நின்று கை தட்டினீர்கள். உலகம் ஒருநாள் எங்களுக்கும் ஓம் சொல்லும் என்ற ஆசை அந்தத் தட்டில் இருந்தது. நேரம் போதாமல் விட்ட மறுபாதியையும் ஒருநாள் வந்து பேச வேண்டும் என்று சங்கத் தலைவர் மேடையிலேயே கேட்டுக்கொண்டார். சவிரி அண்ணை லண்டனில் தனியாக இல்லாத ஒரே நாள் அதுவென்று நினைக்கிறேன்.

பிறகு, மா கொண்டுவருகிற லொறிக்குப் புது ட்ரைவர் வந்தான். பெயர் யூசுப். எந்த ஊர் என்று கேட்டேன். "ஜாஃபா" என்றான். என் காதில் விழுந்தது ஜாஃப்னா. பெயரும் முஸ்லிம் பெயர், ஆளும் எங்கள் நிறத்துக்கு ஓரளவு கிட்ட. எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. "அட, எங்கட யாழ்ப்பாணத்துச் சோனகரோ! எவ்விடம்? ஐந்து சந்தியோ?" என்று தமிழில் அவனுடைய தோளைப் பிடித்து உலுக்கினேன். அவன் மா மூட்டையோடு பின்வாங்கினான். சவிரி அண்ணை வந்துதான், அது பாலஸ்தீனத்துக் கடற்கரைப் பட்டினம், வேறு ஊர் என்று என்னைப் பிரித்துவிட்டார்.

பிரித்துவிட்டு, அவனை இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்துக் கேட்டார். யூசுப்பின் தகப்பன் அங்கே சலூன் வைத்திருந்தவர். வாக்கெடுப்பு முடிந்த மறுநாள் காலை ரேடியோவில் செய்தி போனபோது ஒருவருக்குச் சவரம் பாதியில் இருந்ததாம். அந்த ஆள் அப்படியே துண்டோடு எழும்பி, பாதி முகத்தில் சவுக்காரத்தோடு தெருவில் இறங்கி வீட்டுக்கு ஓடினாராம். அடுத்த வருடம் யூசுப்பின் குடும்பம் வள்ளத்தில் ஏறியது. திரும்பிப் போகவில்லை. சுவரைப் பார்த்து அழுத மனிதரும் சவுக்காரத்தோடு ஓடிய மனிதரும் ஒரே செய்தியைக் கேட்டவர்கள் என்று சவிரி அண்ணை அன்று பின்னேரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "ரெண்டும் உண்மை ராசன். ரெண்டையும் ஒரு நெஞ்சுக்க வச்சிருக்க இடம் காணாமல் கிடக்கு."

தொண்ணூறில் எங்கள் வடக்கிலிருந்து முஸ்லிம் சனங்களைப் போகச் சொன்ன செய்தி வந்தது. சொன்னது ஆயுதம் தூக்கிய எங்கள் ஆட்கள். மன்னாரில் சவிரி அண்ணைக்குக் காதர் என்றொரு பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார். இரண்டு வளவுக்கும் ஒரே கிணறு. புத்தளத்தில் ஒரு ஓலைக் கொட்டிலில் இருந்து காதர் எழுதிய கடிதம் வந்தது. அதில் கோபமே இல்லை, சுகம் விசாரித்திருந்தார். அதைத்தான் சவிரி அண்ணையால் தாங்க முடியவில்லை.

அடுத்த வருடம் அதே மண்டபம். அவர் கடதாசியை விரித்தார். "போன முறை ஓம் எண்டு சொன்ன ஆக்களைப் பற்றிச் சொன்னன். இண்டைக்கு, அந்த நேரம் ஒருத்தரும் கேக்காமல் விட்ட சனத்தைப் பற்றிச் சொல்லப் போறன்" என்று தொடங்கி, யூசுப்பின் தகப்பனுடைய சலூனைப் பற்றிச் சொன்னார். மண்டபம் மெதுவாக இறுகியது. முன் வரிசையில் ஒருவர் காலை மாற்றிப் போட்டார். பின்னால் ஒரு கதிரை இழுபட்டது. யாரோ "இவர் இப்ப ஆரின்ர பக்கம்?" என்று முணுமுணுத்தார்.

எனக்கு அந்த அமைதி பயம். எந்த அமைதியும் பயம். நான் எழும்பிக் கத்தினேன்: "அண்ணை, வடை ஆறுது! ஜாஃபாவை விட்டிட்டு ஜாஃப்னாவுக்கு வாங்கோ!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அவ்வளவு பெரிய சிரிப்பு என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்ததில்லை. தலைவர் அந்தச் சிரிப்போடு எழும்பி, நன்றி சொல்லி, மாலையும் போட்டுவிட்டார். சவிரி அண்ணை கடதாசியை நாலாக மடித்துப் பொக்கற்றில் வைத்தார். என் கதிரையைத் தாண்டும்போது குனிந்து சொன்னார்: "அங்கதானடா வந்து கொண்டிருந்தனான்."

அதற்குப் பிறகு அவரை எங்கும் கூப்பிடவில்லை. கடையில் கண்டால் சிலர் மற்றப் பக்கத்துச் சாமான் இறாக்கைக்குப் போனார்கள். அரபி அண்ணை என்று பெயரும் வைத்தார்கள். அந்தப் பெயர் நான் வைத்ததில்லை, ஆனால் சிரித்தேன். என்னோடு அவர் கோபிக்கவேயில்லை. ஒருமுறை ரயிலில் மட்டும் சொன்னார்: "அண்டைக்கு நடந்ததும் வாக்கெடுப்புத்தான் ராசன். சிரிச்சவை எல்லாம் கை தூக்கினவை." சனிக்கிழமைகளில் லைப்ரரிக்கும் போகவில்லை. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் "இருக்கிறன்" என்பார். நான் போய்ப் பார்த்திருக்கலாம். சனிக்கிழமை எனக்கும் லீவுதான்.

அடக்கத்துக்கு ஐந்து பேர். மாதா கோயில் சுவாமியார், மொரிஸ், யூசுப், வீட்டுக்காரப் பஞ்சாபி அம்மா, நான். மொரிஸும் யூசுப்பும் ஒரே பக்கம் நின்றார்கள். மழை தூற மொரிஸ் தன் குடையைக் கொஞ்சம் யூசுப்பின் பக்கம் சரித்தார். இதைச் சொல்லி நான் எதையும் பெரிதாக்கவில்லை. குடை சரிந்தது, அவ்வளவுதான்.

அறையைக் காலி செய்யப் போனபோது அந்தக் கடதாசி இருந்தது, அதே நாலு மடிப்பு. எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கு அரை நாள் போனது. சலூன் கதைக்குப் பிறகு காதரின் கதை. கடைசியில், நீங்களும் நானும் கேட்காமல் விட்டது இது:

"உலகம் எங்களுக்கு ஓம் சொல்ல வேணும் எண்டு ஊர்வலம் போறம். போகத்தான் வேணும். ஆனால் உலகத்திட்டக் கேக்க முதல் காதரிட்டக் கேப்பம். அவன் எங்களுக்கு ஓம் சொல்லுவானோ?"

கொப்பிகளை லைப்ரரி எடுக்கவில்லை, என் கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன. எனக்கென்று நான் வைத்திருப்பது இந்தக் கேள்வியைத்தான். பாண் போடும்போதும் லைனில் நிற்கும்போதும் சொல்லிப் பார்க்கிறேன். இவ்வளவு நாளாகியும் அதற்கு ஒரு பகிடி எனக்கு வரவில்லை.