நான் கொடுத்த மூன்று நாள் லீவு

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது இரண்டு, வளர்த்தது ஐந்து. மற்ற மூன்றும் என் தங்கை கண்ணை மூடியபோது என் கைக்கு வந்து சேர்ந்தவை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் ஐந்து பேரையும் காலேஜ் வாசலை மிதிக்க வைத்தேன். பெருமையாகத்தான் சொல்கிறேன். வேறு எப்படிச் சொல்வது?

இது நடந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால், கார்த்திகை மாதத்து மழையில், திருவிடைமருதூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில்.

தங்கையின் கடைசி மகள் சென்னையில் ஒரு கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்க்கிறாள். கொரோனா சமயத்தில் லேப்டாப்போடு ஊருக்கு வந்தவள், வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டதால் மகளோடு என்னிடமே தங்கிவிட்டாள். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு இன்சூரன்ஸிலோ லீவிலோ எந்தச் சந்தேகம் வந்தாலும் இவளைத்தான் கூப்பிட வேண்டும். அதற்கென்று கம்பெனி ஒரு போனும் கொடுத்திருந்தது.

அவள் நடு அறையில் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள். நான் பக்கத்து அறையில் கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். "பல் கட்டினா கார்டுல வருமா மேடம்?" என்று ஒருவர். "மாமியாருக்குக் கண்ணுல புரை, அவங்களைச் சேக்கலாமா?" என்று இன்னொருவர். ஒரு பையன், "ரெட்டைப் பிள்ளைங்க மேடம், லீவும் ரெட்டையா வருமா?" என்று கேட்டுவிட்டான். அன்றைக்குச் சோறு வடிக்கும்போதுகூட நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

முகம் தெரியாத அந்தக் குரல்கள் எல்லாம் என் மதியத் தூக்கத்துக்குள் வந்துவிடும். யாருடைய காய்ச்சலோ, யாருடைய பிரசவமோ, எங்கள் வாய்க்கால் கரையில் குடை பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கும். நான் ஒவ்வொருவரையாக, போய் வாருங்கள் என்று அனுப்பிக்கொண்டே இருப்பேன். கண் விழித்தால் இவள், "சாரி சார், ரூல்ஸ்ல இல்லை" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பாள்.

எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது. நானும் இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு நடவுக்குப் போனவள்தான். ஒருத்திக்கு வயிற்று வலி என்றால் கரையில் உட்கார் என்பேன், அவள் வரிசையை நாங்கள் நட்டுவிடுவோம். இதற்கு ஒரு ரூல்ஸா என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்கு விடியற்காலையில் பிடித்த மழை விடவே இல்லை. வயல் எது வாய்க்கால் எது என்று தெரியாதபடி எல்லாம் ஒரே வெள்ளையாகக் கிடந்தது. பள்ளிக்கூடத்தை மதியமே விட்டுவிட்டார்கள் என்று தகவல் வந்ததும் இவள் மகளைக் கூட்டிவர ஸ்கூட்டியை எடுத்தாள். போகும்போது, "போன் சார்ஜ்ல கெடக்கு பெரியம்மா. அடிச்சா அடிக்கட்டும், நீ எடுக்காத" என்றாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. போன் எடுக்கத் தெரியாதவளா நான்?

அவள் போய்க் கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. நின்றது. திரும்ப அடித்தது. மழைச் சத்தத்தில் அது எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து கூப்பிடுவது போல இருந்தது. நாலாவது தடவை எடுத்துவிட்டேன்.

"மேடம், காலையில மெயில் போட்டேனே, நான்தாங்க" என்றது ஓர் ஆண் குரல். நான் மேடம் இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "சொல்லுப்பா" என்றேன்.

அவர் மூச்சு விடாமல் பேசினார். கம்பெனியின் குடோனில் வேலை. சொந்த ஊர் தரங்கம்பாடிப் பக்கம். அவருடைய பெரியம்மாவுக்கு இன்றோ நாளையோ என்று இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு அலைந்ததிலேயே அவர் லீவெல்லாம் தீர்ந்துபோயிற்று. எச்.ஆரில் சொல்லாமல் கிளம்பினால் திரும்பி வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம்.

"நாங்க பாய் வீடுங்க மேடம். உசுரு போயிட்டா ரொம்ப நேரம் வச்சிருக்க மாட்டாங்க, அடக்கம் பண்ணிடுவாங்க. அப்புறம் நான் போய் மண்ணைத்தான் பாக்கணும்."

"பெரியம்மாங்கிறியே, உன்னை வளத்தது யாரு?"

"அவங்கதாங்க. அம்மா மாதிரி."

"மாதிரி என்ன மாதிரி? வளத்தா அம்மாதான். கெளம்பு கண்ணு. மூணு நாள் இருந்துட்டு வா."

 அவர் மெதுவாக, "அப்ரூவ் ஆயிடுச்சுங்களா?" என்றார்.

"ஆயிடுச்சு, போ" என்றேன்.

போனை வைத்துவிட்டுப் படுத்தேன். அப்படி ஒரு நிம்மதி. பாதித் தூக்கத்தில், அந்தப் பிள்ளை போகும் பஸ்ஸில் நானும் போவது போல இருந்தது. ஜன்னல் முழுவதும் தண்ணீர். ரோட்டின் இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பஸ் ஓடுகிறதா மிதக்கிறதா என்று தெரியவில்லை. கடைசியில் கடல் வாசனை வந்தது. அப்போதுதான் ஸ்கூட்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவளிடம் நடந்ததைச் சொன்னேன். பாராட்டுவாள் என்றுதான் நினைத்தேன். துண்டு அவள் கையில் அப்படியே நின்றது.

"ஐயையோ, லீவு குடுத்தியா? நீயா? அவருக்கு ஏற்கெனவே இல்லைன்னு நானே சொல்லியிருக்கேன். சாவுக்குக் குடுக்குற லீவுல அப்பா, அம்மா, பொண்டாட்டி, பிள்ளை, அவ்வளவுதான் உண்டு. பெரியம்மாவுக்கெல்லாம் கிடையாது, பெரியம்மா."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது.  ஓட்டிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி பேசினாள். "ஒன் கண் ஆபரேஷனுக்கு ஏன் கார்டு காட்டலன்னு கேட்டியே. ஒன் பேரு அதுல இல்ல. வேலைக்குச் சேந்தன்னிக்கே கேட்டுப் பாத்தேன். அம்மாங்கிற எடத்துல ஒரு பேருதான் எழுதலாம். அங்க பெத்தவ பேரு இருக்கு. பக்கத்துல எறந்துட்டாங்கன்னு இருக்கு." பதினாறு வருடமாக இதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள்.

அந்தப் பிள்ளையின் வேலை இப்போது அந்தரத்தில் தொங்குகிறது என்று அவள் விளக்கிச் சொன்னாள். மூன்று நாள் சொல்லாமல் போனவர் என்று எழுதிவிட்டால் அவரை நிறுத்திவிட முடியும். இப்போதே கூப்பிட்டுத் திரும்பச் சொன்னால் வேலை தப்பிக்கும். நம்பரைப் போட்டாள். ஒரு மணி அடித்ததும், போனை என் பக்கம் நீட்டி, "நீயே சொல்லு பெரியம்மா, திரும்பி வாங்கன்னு" என்றாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இரண்டாவது மணியில் அவளே கட் செய்துவிட்டாள்.

பிறகு எழுந்து நின்று தன் பெரிய அதிகாரியைக் கூப்பிட்டாள். பாதி இங்கிலீஷில் பேசினாலும் எனக்கு விளங்கியது. என் வீட்டு ஆள் என் போனிலிருந்து வாக்குக் கொடுத்துவிட்டார்கள், அவர் அதை நம்பிப் போயிருக்கிறார், தப்பு என்னுடையது, அவர் மேல் எழுதாதீர்கள் என்றாள். அந்தப் பக்கத்துக் குரல் ரொம்ப நேரம் கோபமாகப் பேசியது. இவள் "எஸ் சார்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் நான் திட்டும்போது நிற்பாளே, அதே நிற்பு.

சாயங்காலம் முடிவு வந்தது. இந்த ஒரு தடவை மட்டும் அவருக்கு மூன்று நாள் உண்டு. கம்பெனி போனை வீட்டு ஆள் கையில் விட்டதற்கு இவளுக்கு ஒரு மெமோ.

வளர்த்த ஐந்து பேரில் ஒருவரிடமும் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. அன்றைக்கு, "தப்புப் பண்ணிட்டேன்டி" என்றேன்.

"தப்புதான்" என்றாள். லேப்டாப்பை மூடிவிட்டு, "நான் எடுத்திருந்தா எல்லாம் சரியாத்தான் பேசியிருப்பேன் பெரியம்மா. சரியாப் பேசி, அவரை அங்கேயே ஒக்கார வச்சிருப்பேன்" என்றாள்.

ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டார். இவள் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போனை என் காதில் வைத்தாள். அவர் ஊருக்குப் போய் இறங்கியபோது பெரியம்மாவுக்கு நினைவு இருந்திருக்கிறது. கையைப் பிடித்துக்கொண்டு, "லீவு குடுத்தாங்களா?" என்று கேட்டார்களாம். "குடுத்தாங்க பெரியம்மா, மூணு நாள்" என்று இவர் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டார்களாம். மறுநாள் காலையில் போய்விட்டார்கள். கடைசியாகக் கேட்ட கேள்வி அதுதான் என்றார்.

 "தம்பி, நான் மேடம் இல்லப்பா. மேடத்தோட பெரியம்மா. ஒன்கிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"தெரியும்ங்க" என்றார். "மேடம் கெளம்பு கண்ணுன்னு சொல்ல மாட்டாங்களே."

"தெரிஞ்சுமா போன?"

"யாராச்சும் ஒருத்தர் போன்னு சொன்னாப் போதும்னு இருந்துச்சுங்க."

லீவுக்கான அந்த உறவுப் பட்டியலில் வளர்த்தவர்களையும் சேர்க்க வேண்டும் என்று இவள் எழுதிப் போட்டிருக்கிறாள். இன்னும் பதில் வரவில்லை. வரும்போது வரட்டும். நான் அந்தப் போனை இப்போது தொடுவதில்லை. லீவு கொடுக்கும் அதிகாரம் எனக்கு எந்தக் காலத்திலும் இல்லை, நான் கொடுத்தது வெறும் வாய் வார்த்தை. ஆனால் எங்கோ ஒருத்தி அந்த வார்த்தையைக் கேட்டு நிம்மதியாகக் கண்ணை மூடினாள் என்பது மழை பிடிக்கும் ஒவ்வொரு மதியமும் எனக்கு ஞாபகம் வருகிறது.

நாலு நாளாக எழுத்துக் கூட்டி எழுதியிருக்கிறேன். வா கண்ணு, எங்கே பிசகியிருக்கு பாரு, முதல்லேருந்து ஒரு தடவை வாசி. ஒங்கம்மா உள்ள மீட்டிங்ல இருக்கா, பரவாயில்ல, சத்தமாவே வாசி.